முதல் செஷனில் இருந்தவள்

சிடிக்கு வேப்பிலை கட்டி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பகல் மின்வெட்டு முடிந்து ஃபேன் மறுபடி சுற்றத் தொடங்கிய நேரம். ஒரகடம் கூட்டு ரோட்டில் நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டுடியோவுக்குள் இரண்டு பெண்கள் வந்தார்கள். மூத்தவள் இளையவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், சந்தைக்கு ஆட்டை இழுத்து வருகிறமாதிரி இருந்தது. இளையவள் கழுத்தில் மஞ்சள் தாலிக்கயிறும், அதன்மேல் கம்பெனி அடையாள அட்டையின் நீலக் கயிறும் தொங்கின. தூங்காத கண்கள்.

மூத்தவள் மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து மேஜையில் வைத்தாள். அவிழ்த்தால் ஒரு சிடி. அதன் நடு ஓட்டையில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது.

"இத்த உன் கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டும்மா. இதுல இன்னா கீதுன்னு இவளுக்குத் தெரியணும்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏம்மா, உள்ள பேய் எதுனா குந்திக்கினு கீதா?" என்று கேட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. கேட்டது தப்பென்று அப்போதே தெரிந்துவிட்டது.

நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்

அந்த முடிச்சுக்குள் போவதற்கு முன்னால், அந்த நாற்காலியில் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மணிமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருவேன். கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தவள் என்று வீட்டில் பெருமை. செய்த வேலையோ கல்யாணப் படங்களைச் சிடியில் ஏற்றுவது. சுற்றிலும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, உதிரி பாகக் கம்பெனி என்று முளைத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் ஒரு கம்பெனி லைனில் வேலை கிடைத்ததும் ஸ்டுடியோ சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். முதலாளி எந்நேரமும் ஏதாவது ஒரு மண்டபத்தில் கேமராவோடு நிற்பார். கடையில் நான் மட்டும்தான்.

சிடி ஏற்றும் மென்பொருளை எல்லோரும் ஒரே மாதிரிதான் பயன்படுத்துவார்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், கடைசியில் பர்ன். எனக்கு அது பிடிக்காது. மூலையில் 'அட்வான்ஸ்டு' என்று ஒரு பட்டன் சும்மா இருக்கும்போது அதைத் தொடாமல் போகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டுக்குள் பூட்டாத ஒரு அறை இருக்கிறது, அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் எப்படி ஐயா குடியிருக்கிறீர்கள்?

நான் எட்டிப் பார்த்தேன். அதிக வேகத்தில் ஏற்றினால் சிடி சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் கம்பெனி பஸ்ஸில் போட்டால் வல்லக்கோட்டைத் திருப்பத்துக்குள் பாட்டு திக்க ஆரம்பித்துவிடும். அதனால் பஸ் டிரைவர்களுக்கு எப்போதும் குறைந்த வேகம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மென்பொருள் தானாகவே இரண்டு விநாடி மௌனம் வைக்கும். படப்பையில் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்தின் பதிவை அப்படியே ஏற்றிக் கொடுத்ததில், 'அல்லே' ஒரு பக்கமும் 'லூயா' ஒரு பக்கமும் போய் நின்றது. போதகர் ஐயா நேரில் வந்து, "ஆவியானவர் மூச்சு வாங்குறாராம்மா?" என்று கேட்டார். அன்றைக்கே அந்த மௌனத்தை எடுக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஏற்றும்போது கரண்ட் போனால் சிடி செத்துப்போகும். அப்படிச் செத்தவை ஒரு மூட்டை சேர்ந்துவிடும். ஆட்டோக்காரர்கள் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வாங்கிப் போவார்கள். வயல் மிச்சம் வைத்திருந்தவர்கள் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிடுவார்கள்.

இதில் எனக்கே ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது மல்ட்டிசெஷன் என்ற பகுதிதான். ஒரே சிடியில் இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம் என்று தவணையாக ஏற்றலாம். ஒவ்வொரு தவணையும் ஒரு செஷன். அங்கே ஒரு கேள்வி கேட்கும்: பழைய செஷனோடு சேர்க்கவா, இல்லை புதிதாகத் தொடங்கவா? புதிதாகத் தொடங்கு என்று சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரில் கடைசி செஷன் மட்டும்தான் தெரியும். பழையது எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. அதே தட்டில், அதே இடத்தில், அப்படியே இருக்கும். நம் கண்ணுக்குக் காட்டாது, அவ்வளவுதான்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு இதை யாருக்காவது சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் துணி முடிச்சுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

"அது நான் இல்லக்கா"

வேப்பிலையை எடுத்துவிட்டுச் சிடியைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். கல்யாணப் படங்கள் வந்தன. எங்கள் ஸ்டுடியோ எடுத்தவைதான். அருவியும் அன்னமும் வரைந்த பின்திரை, உள்ளங்கையில் பொண்ணைத் தூக்கி வைத்தமாதிரி மாப்பிள்ளை நிற்கும் அந்த அசட்டுப் போஸ், எல்லாம் இருந்தது. மணப்பெண் என் எதிரில் நிற்கிற இதே பெண்.

"பாத்தியாடி? உன் மூஞ்சிதான கீது?" என்றாள் மூத்தவள்.

"இவங்க படம்தாம்மா. வேற எதுவும் இல்ல" என்றேன் நானும்.

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் முகத்தில் மிச்சமிருந்த தெம்பும் போய்விட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் பெயர் முத்துலட்சுமி. தென்காசிப் பக்கம். அப்பா அம்மா இல்லை. சித்தப்பா வீட்டில் வளர்ந்து, செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து, ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் இருந்தவள். கம்பெனி பஸ் ஓட்டுகிற பாஸ்கருக்குப் பெண் கேட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மூத்தவள் கன்னியம்மா, பாஸ்கரின் அம்மா. ஒரகடத்துக்கு உள்ளே ஏரிக்கரை ஊர்.

ஹாஸ்டல் தோழிகள் கல்யாணப் பரிசாக ஒரு டிவிடி பிளேயர் கொடுத்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாதபோது முத்துலட்சுமி தன் கல்யாணச் சிடியை அதில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"மண்டபம் அதே மண்டபம்க்கா. மாலை, மேடை, அவுகளும் அவுகளேதான். பக்கத்துல நிக்கது மட்டும் நான் இல்ல. வேற ஒரு பொண்ணு. சிரிச்சிக்கிட்டு நிக்கா. கண்ணக் கசக்கிட்டுப் பாத்தேன். அப்பவும் அவதான் நிக்கா. அத்தை வந்ததும் கூப்புட்டுக் காட்டுனேன். ஒண்ணுமே தெரியலயே, உன் படம்தான ஓடுதுன்னுட்டாங்க."

"ராவுல கண்ணு முழிச்சி வேல செஞ்சா இப்பிடித்தான் காத்து கருப்பு அண்டும்" என்றாள் கன்னியம்மா, என்னைப் பார்க்காமல். "அமாவாச வரட்டும். பூசாரிகிட்ட சொல்லி வெச்சிக்கீறேன். வேலைய வுட்டுட்டு வூட்டோட கெடக்கட்டும்."

பூசாரி என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒருத்திக்கு நடந்தது. உடுக்கை அடித்து, வேப்பங்குச்சியால் விளாசி, உச்சிமுடியைப் புளியமரத்தில் ஆணி அடித்து, அந்த முடியை அறுத்து அனுப்பினார்கள். அதன்பிறகு அவள் வாயைத் திறந்து என்ன சொன்னாலும், "பேய் புடிச்சவ பேச்சு" என்று தெருவே சொன்னது. 'பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும்' என்று பழமொழி சொல்லிச் சிரிப்போமே, ஏறினவள் கதையை யாரும் கேட்பதில்லை.

"எனக்குப் பைத்தியம்தானாக்கா?" என்று முத்துலட்சுமி மெல்லக் கேட்டாள்.

தட்டின் அடியில் ஒரு கோடு

திருப்பிக் கொடுக்கச் சிடியை வெளியே எடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் கீழ்ப்பக்கம் மின்னியது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

சிடியில் எழுதிய பகுதி கொஞ்சம் கருத்து, வளையமாகத் தெரியும். உள்ளேயிருந்து வெளியே போகும். முத்துலட்சுமியின் படங்கள் கொஞ்சம்தான். வளையம் ஒல்லியாக இருக்கவேண்டும். இதில் இருந்தது அகலமான வளையம். அது மட்டுமில்லை, அந்த வளையத்தின் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

இரண்டு தவணை.

மறுபடி கம்ப்யூட்டரில் போட்டு, மென்பொருளைத் திறந்து, அந்த அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினேன். சிடியின் விவரத்தில் இரண்டு செஷன் என்று காட்டியது. முதலாவது, இரண்டாவதைவிடப் பல மாதங்கள் பழையது.

மலிவான டிவிடி பிளேயர்களுக்கு ஒரு புத்தி உண்டு. முதல் செஷனை மட்டும் படிக்கும். பின்னால் சேர்த்தது அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு நேர் எதிர்ப் புத்தி, கடைசியில் வந்ததைத்தான் காட்டும். ஒரே தட்டு, வீட்டில் ஒரு பெண்ணையும் கடையில் ஒரு பெண்ணையும் காட்டிக்கொண்டிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நினைத்துக்கொண்டேன். விஷயத்தைப் பிடித்துவிட்ட மிதப்பு எனக்கு. கடையின் டிவியைப் போட்டு, கீழே இருந்த பிளேயரில் சிடியைத் தள்ளினேன்.

டிவியில் வந்தவள்

அருவி வந்தது. அன்னம் வந்தது. மாலையோடு பாஸ்கர் வந்தான். பக்கத்தில் அவள்.

உருண்டை முகம், இடப்பக்கம் மூக்குத்தி. முத்துலட்சுமி நின்ற அதே இடத்தில், அதே கோணத்தில் தலையைச் சாய்த்து நின்றாள். எங்கள் முதலாளி எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரிதான் நிற்கவைப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், படங்கள் ஒவ்வொன்றாக மாறமாற, இந்தப் பெண்ணைத் துடைத்துவிட்டுத்தான் முத்துலட்சுமியை நிறுத்தியிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்தது. வெளியே பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"இவதான்க்கா. இவளேதான்" என்று முத்துலட்சுமி என் கையைப் பிடித்தாள். "உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது. உனக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கன்னியம்மா டிவியின் முன்னால் கைகூப்பி நின்றிருந்தாள். "தேவி... நீ இங்கியும் வந்துட்டியாடி?"

"அம்மா, யாரும் வரல. இது பழைய படம். உள்ளேயே இருந்தது."

"இல்லம்மா. அத்த அழிச்சாச்சு. நான்தான் குடுத்தேன், இதே கடையில, ஒனக்கு முன்னாடி இருந்தானே ஒரு ஆளு, அவன்கிட்ட. அழிச்சிட்டு இவ படத்த போடுன்னேன். அழிச்சிட்டேம்மா, பாத்துக்கோன்னு இதே கம்ப்யூட்டர்ல காட்னான். அழிச்சது எப்பிடி வரும்? அவளா வந்தாதான் உண்டு."

அப்போதுதான் முழுதும் விளங்கியது. அந்த ரகச் சிடியை அழிக்கவே முடியாது. அவன் புதுச் செஷன் தொடங்கி, அழித்தமாதிரி காட்டி அனுப்பியிருக்கிறான். கன்னியம்மா மருமகளிடம் பொய் சொன்னாளே தவிர, அவளைப் பைத்தியமாக்க நினைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டு டிவியில் அவளும் தேவியைப் பார்த்திருக்கிறாள். பார்த்துப் பயந்திருக்கிறாள்.

தேவி பாஸ்கரின் முதல் மனைவி. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். இரண்டாம் தாரம் என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் தெற்கே விசாரிக்க ஆளில்லாத ஒரு பெண்ணைத் தேடி, சொல்லாமல் கட்டிவிட்டார்கள்.

"அப்ப சிடிய ஒடச்சிப் போட்டிருக்கலாமே?" என்றேன். கோபம் தாளவில்லை எனக்கு.

"எப்பிடிம்மா ஒடைப்பேன்? தாலி கட்ற படம். சுமங்கலியா போனவ. ஏரியில வுடலாம்னு எடுத்துக்கினு போனேன். திருப்பிப் பாத்தா கண்ணாடியாட்டம் என் மூஞ்சியே தெரியுது. வுட மனசு வரல. அவ மேலயே இவளும் இருந்துட்டுப் போவட்டும்னுதான் குடுத்தேன்."

தரையில் உட்கார்ந்திருந்த முத்துலட்சுமியின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, திரையில் விரல் வைத்தாள்.

"அத்தை, இது என் முகூர்த்தச் சேலைல்லா?"

அரக்கு நிறம், கரையில் மாங்காய் வரிசை. கம்ப்யூட்டரில் சற்றுமுன் பார்த்த அதே சேலை. இரண்டு பெண்களும் ஒரே சேலையைக் கட்டியிருந்தார்கள். தட்டுக்குள் இருந்த கோட்டைக் கண்டுபிடித்த நான், கண் முன்னால் இருந்த இதைக் கவனிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். மேளத்தோடு ஏரிக்கரைக்குப் போய், கரகம் சோடித்து, சேலையும் பூவும் வளையலும் வைத்து, அந்தச் சேலையைத் தண்ணீரில் முக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவார்கள். கூப்பிடாமல் கல்யாணம் செய்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

கன்னியம்மாவுக்கும் இல்லை. ஊரறியக் கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் யாருக்கும் தெரியாமல் ஒருத்தியாக ஏரிக்குப் போய், தேவியின் கூரைப்புடவையைத் தண்ணீரில் முக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் புடவையைத்தான் முத்துலட்சுமிக்கு முகூர்த்தத்தில் கட்டியிருக்கிறாள்.

"திருட்டுத்தனமா கூப்ட்டேன். அதான் கோவமா இவ மேல வந்துட்டான்னு நெனச்சேன்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஏரிக்கரையில்

நான் முத்துலட்சுமியைத் தனியே இழுத்து, "பேசாம ஹாஸ்டலுக்குப் போயிடு. நான் துணைக்கு வரேன்" என்றேன். சத்தியமாக அதைத்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

அவள் ஹாஸ்டலுக்குப் போனாள்தான். பாஸ்கர் தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றானாம். ஒரு நாள் அவனிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினாள். வேலையை விடமாட்டேன். அப்புறம், தேவி அக்காவை ஊர் பார்க்கக் கூப்பிடணும். அவங்க பேரை மறைச்ச வீட்டில் நான் இருக்கமாட்டேன்.

பூசாரி பேச்சு அத்தோடு நின்றது. முதல் செஷனைத் திறந்து, தேவி தனியாக நின்ற ஒரு படத்தை எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது நான்தான். வெள்ளிக்கிழமை காலை என்னையும் வரச்சொன்னார்கள். பேய், பூதம் எதையும் நம்பாதவள் நான். பொங்கல் கிடைக்குமென்று போனேன்.

ஏரியில் நல்ல தண்ணீர். அக்கரையில் கம்பெனியின் தகரக்கூரைகள் வெயிலில் மின்னின. தேவியைப் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டு, மேளம் அடிக்க, கன்னியம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்த அரக்குச் சேலையை முக்கி எடுத்தாள். இந்தத் தடவை வாய்விட்டுக் கூப்பிட்டாள். "தேவி, வாம்மா. வூட்டுக்கு வா."

சேலையைப் பிழிந்தபடி கரையேறி முத்துலட்சுமியிடம் நீட்டினாள். முத்துலட்சுமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் அத்தை ஈரத்தோட இருந்துச்சு. மேடையில உக்காந்திருக்கையில பாவாடையெல்லாம் நனைஞ்சு, பலகையில தண்ணி நின்னுச்சு. கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

கன்னியம்மா கை அப்படியே நின்றது.

"ஈரத்தோடவா? நான் நல்லா வெயில்ல காய வெச்சி, இஸ்திரி போட்டு, மடிச்சித்தானம்மா குடுத்தேன்."

மேளக்காரர்களுக்கு இது கேட்கவில்லை, அடித்துக்கொண்டிருந்தார்கள். சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

முத்துலட்சுமி திரும்பி தேவியின் படத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "குடுங்க அத்தை, நானே கட்டிக்கிடுதேன்" என்று அந்த ஈரச் சேலையை வாங்கிக்கொண்டாள்.